இடுப்பில் மணி கட்டிய இளவரசன்

மேற்குத் தாம்பரத்தில் ரயில் பாதையை ஒட்டிய கோயில் தெருவில் என்னோடு விளையாடியவர்களில் நாலைந்து பேராவது இதைப் படிப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன். நமக்கெல்லாம் ஐம்பது தாண்டிவிட்டது. சிலருக்கு முழங்கால் போய்விட்டது, சிலருக்குப் பல். நம்மில் யாராவது ஸ்பெயின் நாட்டுக்குப் போயிருப்பார்களா தெரியாது. நான் போனதில்லை. ஆனால் எட்டு வயதில் ஒரு மழைக்காலம் முழுக்க அந்த நாட்டு இளவரசனாக இருந்தேன். செத்துப்போக வேண்டிய நேரத்தில் சாகாமல் நாடகத்தைக் கெடுத்தவன் என்று உங்களுக்கு என்னை ஞாபகமிருக்கும். ஏன் சாகவில்லை என்று கேட்டவர் ஒரே ஒருவர். உங்களுக்கு இப்போது சொல்கிறேன்.

மணியிலிருந்து தொடங்க வேண்டும். எனக்கு முன்னால் அம்மாவுக்கு இரண்டு பிள்ளைகள் பிறந்து, தவழ்வதற்கு முன்பே போய்விட்டன. அடுத்து நான் வந்தபோது அவள் எந்தச் சாமியையும் விட்டுவைக்கவில்லை. நாங்கள் ஞானஸ்நானம் பெற்ற குடும்பம்தான். ஆனாலும் என் அரைஞாண் கயிற்றில் மாதா பதக்கம் இருந்தது, மலைமேல் தர்காவில் ஓதிக் கட்டிய தாயத்து இருந்தது, திருநீர்மலைக்குப் போய்வந்த பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த செப்புத் தகடு இருந்தது, ஸ்டேஷன் வாசலில் ஊசிபாசி விற்பவளிடம் வாங்கிய நரிப்பல் இருந்தது. எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரு பித்தளை மணி.

மணி எந்தச் சாமிக்கும் உரியதல்ல. அது அம்மாவின் காதுக்காக. நான் எங்கே இருக்கிறேன் என்று அவளுக்குக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். சத்தம் நின்றால் அடுப்படியிலிருந்து "இன்னாடா பண்ற?" என்று குரல் வரும். வாசற்படியைத் தாண்டினால் இன்னும் உரக்க வரும். மற்ற பிள்ளைகளுக்கு நடை பழகியதும் மணியைக் கழற்றிவிடுவார்கள். எனக்கு மழைக்கு மழை காய்ச்சலும் மூச்சிழுப்பும் வந்ததால் எட்டு வயதிலும் கழற்றவில்லை. டவுசருக்குள் அது கிணுகிணுக்கும். ஒளிந்து பிடிக்கும் ஆட்டத்தில் என்னை நீங்கள் சேர்த்துக்கொண்டதே இல்லை. மூச்சு விட்டாலே காட்டிக்கொடுத்துவிடும். நான் தெருமுனையில் வரும்போதே "சோன்பப்டி வண்டி வந்துகினு கீதுடா" என்பீர்கள். சோன்பப்டி என்றே பெயரும் நிலைத்துவிட்டது.

மாதா கோயிலை ஒட்டிய இலவச மருந்தகத்தில் ஒரு மதர் இருந்தார். ஸ்பெயினிலிருந்து வந்த கன்னியாஸ்திரி. தமிழைப் புத்தகம் வைத்துப் படித்தவர் என்பதால், இருமல் மருந்து கொடுப்பதைக்கூட வேதாகமம் வாசிப்பதுபோலச் சொல்வார். அந்த வருடம் மழை தொடங்குமுன்பே எனக்கு இழுப்பு வந்துவிட்டது. அம்மா என்னைக் கூட்டிப்போனாள். அவளுக்கு அப்போது வயிறு நன்றாகத் தெரிந்தது. மதர் குழாயை வைத்துப் பார்க்க என் சட்டையைத் தூக்கினார், கயிறும் அதில் தொங்கியவையும் கண்ணில் பட்டன. சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பை நிறுத்தி உள்ளே போய், அட்டையில் ஒட்டிய பழைய காலண்டர் படம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

படத்தில் சிவப்புப் பாவாடையும் அதன்மேல் முன்பக்கம் கட்டிய வெள்ளைத் துணியும் உடுத்திய ஒரு குழந்தை. வெளுத்த முகம். ஒரு கையைச் சிவப்பு நாற்காலியின் முதுகில் வைத்திருந்தது. நாற்காலியில் சின்ன வெள்ளை நாய் ஒன்று மோவாயைச் சாய்த்துப் படுத்திருந்தது. குழந்தையின் மார்பிலும் இடுப்பிலும் கயிறு கயிறாக என்னென்னவோ தொங்கின. அவற்றில் ஒரு மணியும் இருந்தது.

"பார். இவனும் உன்னைப்போல் மணி கட்டியவன். எங்கள் அரசனின் மகன். முன்னூறு ஆண்டுகளுக்கு முன் இருந்தவன்" என்றார் மதர்.

"பொண்ணா மதர்?" என்றாள் அம்மா.

"இல்லை அம்மா, ஆண்பிள்ளை. அந்நாளில் சிறுவர்களுக்கும் பாவாடைதான். இது பவளம், காய்ச்சலுக்கு. இது கறுப்புக் கல்லில் செய்த கை, கண்ணேறு படாதிருக்க. இது ஒரு விலங்கின் நகம்."

அம்மாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "ராஜா வூட்டுலயே கட்டியிருக்காங்க பாரு! நீதான் இஸ்கூல்ல வெக்கமா கீதுன்ற" என்று என் தலையில் தட்டினாள்.

நான் வேறொன்றைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இளவரசனுக்குப் பின்னால் ஒரு கதவு திறந்திருந்தது. அதற்கு அப்பால் வெளிச்சம்.

"கதவு தெறந்துதானே கீது மதர். அவன் வெளிய போவலாம்ல?"

"எப்படிப் போவான்? மணி கட்டியிருக்கிறார்களே. எல்லோருக்கும் கேட்டுவிடும்."

அம்மா கேட்டாள்: "அப்புறம் நல்லா இருந்தானா மதர்?"

மதருக்குப் பொய் வராது. "இல்லை. நான்கு வயது நிறையும் முன்பே காய்ச்சலில் இறந்துபோனான்" என்றார். அம்மாவின் முகம் போன போக்கைப் பார்த்து, ஆறுதலாக இருக்கட்டும் என்று இன்னும் கொஞ்சம் சேர்த்துச் சொன்னார். "ஆனால் அரசன் கலங்கவில்லை அம்மா. அந்த வாரமே அரசி இன்னொரு மகனைப் பெற்றெடுத்தாள். கடவுள் ஒருவனை அழைத்து இன்னொருவனைத் தந்தார்."

அம்மா வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டாள். நான் அந்தக் கையைப் பார்த்தேன்.

இந்தக் கதை எப்படியோ உபதேசியார் காதுக்குப் போய்விட்டது. கோயிலில் நமக்கெல்லாம் ஜெபம் சொல்லிக்கொடுத்தவர் அவர். பங்குத் திருவிழா நாடகத்தை எழுதுவது, பழக்குவது, திரைக்குப் பின்னால் நின்று வசனம் எடுத்துக்கொடுப்பது எல்லாமே அவர்தான். வருடா வருடம் வேதசாட்சிகளின் தலையை வெட்டிக் காட்டி அவருக்கே அலுத்திருக்க வேண்டும். ஸ்பெயின் இளவரசன் என்றதும் பிடித்துக்கொண்டார். வயதை எட்டாக ஏற்றினார், கெட்ட மந்திரி ஒருவனைச் சேர்த்தார், நாய்க்கும் ஒரு காட்சி வைத்தார். இளவரசன் யார் என்பதில் அவருக்குச் சந்தேகமே வரவில்லை. "இவனுக்கு மேக்கப்பே வேணாம்பா. பாத்தாலே நாளைக்குப் போறவன் மாதிரிதான் இருக்கான்" என்று என் எதிரிலேயே சொன்னார். ராஜா வேஷம் என் அப்பாவுக்கு. மீசையும் தொண்டையும் அவருக்குத்தான் இருந்தன.

அம்மா ஒப்புக்கொள்ளவில்லை. "பெத்த புள்ளய மேடையில சாவடிப்பாங்களா யாராவது?"

"நம்ம கோயில்ல மேடையில செத்தவன் எவன் செத்தான் சொல்லும்மா? நாடகம் முடிஞ்ச கையோட பூசணிக்காய் சுத்தி உடைக்கிறோம், சாமியார் தீர்த்தம் தெளிக்கிறார். தலை வெட்டுப்பட்டவனெல்லாம் பேரன் பேத்தி எடுத்துட்டான்" என்றார் உபதேசியார்.

அது உண்மைதான். நம் கோயில் வழக்கம் அப்படி. மேடையில் இறந்தவனை நிற்கவைத்துப் பூசணி சுற்றி, கோயில் வாசலில் உடைத்த பிறகுதான் வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆனாலும் அம்மாவை மசியவைத்தது பூசணி அல்ல, அப்பா. அவர் குரோம்பேட்டையில் வெல்டிங் பட்டறையில் வேலை செய்தார். "நாளெல்லாம் குனிஞ்சிகினே கீறேன். ஒரு நாளு நிமிந்து நிக்கிறேன், வுடுடி" என்றார்.

எங்கள் இருவருக்குமான கிரீடங்களை அப்பாவே பட்டறையில் தகரத் துண்டுகளை வெட்டிச் செய்துகொண்டுவந்தார். என்னுடையது அளவு சரியில்லாமல் கண்வரை இறங்கும். ஓரத்தை மடித்ததில் ஓரிடம் விட்டுப்போயிருந்தது. இடது புருவத்துக்கு மேல் எனக்கொரு தழும்பு இருக்கிறதே, சண்டையில் வாங்கியது என்று பலரிடம் சொல்லியிருக்கிறேன். அது இளவரசனாக இருந்ததால் வந்தது.

அப்பாவுக்குக் கடைசிக் காட்சியில் பெரிய வசனம். கோயில் மணி மெதுவாக அடிக்கும், அது ஓயும்போது இளவரசன் கண்ணை மூடுவான். உடனே தாதி ஓடிவந்து அரசிக்கு மகன் பிறந்த சேதியைச் சொல்வாள். அப்போது ராஜா சொல்ல வேண்டும்: "மூத்தவனை எடுத்துக்கொண்டாய் இறைவா! ஆயினும் இளையவனைத் தந்து என் அரியணையைக் காத்தாய்!" முதல் பாதியில் அழ வேண்டும், இரண்டாம் பாதியில் சிரிக்க வேண்டும் என்பது உபதேசியாரின் உத்தரவு. அப்பா அதைக் காலையில் சவரம் செய்யும்போது கண்ணாடியைப் பார்த்துச் சொல்லிப் பழகினார். முகமெல்லாம் சோப்பு நுரை. அழுகை அவருக்கு வரவே இல்லை, தும்மல் மாதிரி இருந்தது. சிரிப்பு நன்றாக வந்தது. நாளாக ஆக இன்னும் நன்றாக வந்தது. நான் பாயில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஒருநாள் அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியை வீசினாள். அது கண்ணாடிக்குப் பக்கத்தில் சுவரில் பட்டு விழுந்தது.

"வூட்டுல வெச்சி அந்த வசனத்தப் பேசாதய்யா!"

"ஒத்திகைடி."

"உன் ஒத்திகைய பட்டறைல வெச்சிக்கோ. வயித்துல ஒண்ணு, பாயில ஒண்ணு கீது. ரெண்டுத்துக்கும் காது கீது."

வயிற்றில் இருந்ததைப் பற்றித் தெரியாது. பாயில் இருந்ததற்குக் காது நன்றாகவே கேட்டது. இளவரசனுக்கு மணி, எனக்கும் மணி. அவனுக்கு நகம், எனக்கு நரிப்பல். அவனுக்கு முன்னால் பிறந்தவர்களில் செத்தவர்கள் உண்டு என்று மதர் சொல்லியிருந்தார், எனக்கு முன்னாலும் உண்டு. அவன் அம்மா வயிற்றில் ஒரு தம்பி, என் அம்மா வயிற்றிலும். மிச்சம் இருந்தது ஒன்றுதான். தம்பி பிறக்கிற வாரம் நான் போய்விடுவேன், அப்பா கண்ணாடியைப் பார்த்துச் சிரிப்பார். எட்டு வயதில் இதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நாயாக நடித்தவனிடம் மட்டும் கேட்டுப் பார்த்தேன். யாரென்று உங்களுக்கே தெரியும்.

"தம்பி பொறந்தா மூத்தவன் செத்துடுவானாடா?"

அவன் கோணியில் தைத்த வாலைச் சரிசெய்துகொண்டே யோசித்தான். "எங்க வூட்ல நாலாவது நான். எனக்கு முன்ன பொறந்த மூணு தடியனும் இருந்துகினுதான் கீறானுங்க."

"அவனுங்க இளவரசன் இல்லியே."

"அதான் பாரேன்" என்றான் அவன், கவலையோடு. அன்றைக்கு அவன் வாங்கிய வேர்க்கடலையில் பாதியை எனக்குக் கொடுத்தான். அவன் எதையும் பங்கு கொடுக்கிறவன் அல்ல. எனக்கு இன்னும் பயமாகிவிட்டது.

ஒத்திகையில் சாகும் காட்சி வந்தாலே அழுதுவிடுவேன். பெஞ்சில் படுக்கவைப்பார்கள், உடம்பு நடுங்கும், மணி கிணுகிணுக்கும். உபதேசியார் கைதட்டுவார். "பாருங்கடா, எவ்ளோ இயல்பா வருது! நீங்களும்தான் நடிக்கிறீங்களே" என்று மற்றவர்களைத் திட்டுவார். அப்பா ராஜா உடையில் பெருமையாக நிற்பார். ஒருவேளை என் அழுகைக்குக் காரணம் கேட்டிருந்தால் நானும் சொல்லியிருப்பேன். நன்றாக நடிக்கிற பையனிடம் போய் யார் காரணம் கேட்பார்கள்?

திருவிழா ஞாயிற்றுக்கிழமை காலையில் அம்மாவுக்கு வலி கண்டது. பக்கத்து வீட்டு அக்கா ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்கு ஏற்றிக்கொண்டு போனாள். அப்பா கூடவே போய்விட்டு மத்தியானம் திரும்பி வந்தார். "சாயங்காலத்துக்கு மேல ஆவும்னு சொல்லிட்டாங்க. அங்க நின்னு நான் இன்னா பண்ணப்போறேன்?" என்று சொல்லிக்கொண்டே மீசைக்கு மை தடவினார். கரண்ட்டை நம்ப முடியாததால் வெளிச்சம் இருக்கும்போதே நாடகத்தைத் தொடங்கிவிட்டார்கள். தூறல். மேடைக்கு மேல் தார்ப்பாய் கட்டியிருந்தது. பெண்கள் குடையோடும் முக்காட்டோடும் உட்கார்ந்திருந்தார்கள். முன்வரிசையில் மதர்.

முதல் காட்சிகள் நன்றாகவே போயின. நாய் குரைத்ததும் இரண்டாம் முறை குரைக்கச் சொல்லிக் கேட்டார்கள். பிறகு என்னைப் பெஞ்சில் படுக்கவைத்து வெள்ளைத் துணி போர்த்தினார்கள். கோயில் மணி மெதுவாக அடிக்கத் தொடங்கியது. அது ஓயும்போது நான் கண்ணை மூட வேண்டும்.

அப்போதுதான் எனக்கு ஒன்று தோன்றியது. நான் போனால்தானே அவன் வருவான். கண்ணை மூடாவிட்டால்? அங்கே ஆஸ்பத்திரியில் அவன் வர முடியாது. காத்துக்கொண்டு கிடப்பான். கிடக்கட்டும்.

கண்ணை அகலத் திறந்துகொண்டேன். மணி ஓய்ந்தது.

"கண்ண மூடு" என்று திரைக்குப் பின்னாலிருந்து உபதேசியார் கிசுகிசுத்தார். நான் மூடவில்லை. "டேய், சாவுடா!"

எழுந்து உட்கார்ந்தேன். "சாவ மாட்டேன்."

முன்வரிசைக்குக் கேட்டுவிட்டது. சிரிப்பு பின்னால்வரை பரவியது. தாதி ஓடிவந்து மகன் பிறந்த சேதியை எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சொன்னாள். எல்லோரும் ராஜாவைப் பார்த்தார்கள். அப்பா ஒரு கணம் என்னைப் பார்த்தார். வேறு எதையும் அவர் மனப்பாடம் செய்திருக்கவில்லை. கிரீடம் கண்வரை இறங்கி, திருதிருவென்று விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னை நோக்கிக் கையை நீட்டி, "மூத்தவனை எடுத்துக்கொண்டாய் இறைவா!" என்றார்.

"ராசா! உன் புள்ள முழிச்சிகினு குந்திகினு கீறான் பாருய்யா!" என்று கூட்டத்தில் யாரோ கத்தினார்கள்.

அப்பா நிறுத்தவில்லை. இரண்டாம் பாதியையும் சொல்லி, சிரித்தும் முடித்தார். பிறப்புக்காகக் கோயில் மணி வேகவேகமாக அடித்தது. நம் கோயில் வரலாற்றில் ஜனங்கள் அந்த அளவுக்குச் சிரித்த நாடகம் வேறு இல்லை.

திரை விழுந்ததும் உபதேசியார் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்பா என் தலையிலிருந்து கிரீடத்தைப் பிடுங்கினார். "மானத்த வாங்கிட்டியேடா" என்று மட்டும் சொன்னார். அவர் குரல் அப்போதுதான் அழுவதுபோல வந்தது. பூசணியும் உடைபடவில்லை. சாகாதவனுக்கு எதற்குப் பூசணி என்று மறுநாள் திருவிழாச் சாப்பாட்டுக்குச் சாம்பாரில் போட்டுவிட்டார்கள். நீங்களும் சாப்பிட்டிருப்பீர்கள்.

கோயில் பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் குழாயடியில் நின்றுகொண்டிருந்தேன். மதர் குடையோடு வந்தார்.

"நீ ஏன் மரிக்கவில்லை?"

"நான் செத்தா தம்பி பொறந்துடுவான். அவன் பொறந்தா நான் செத்துடுவேன். நீங்கதானே சொன்னீங்க."

குடை ஒரு பக்கம் சாய்ந்து மதரின் தோள் நனைந்தது. பிறகு மருந்தகத்தில் செய்வதுபோல என் மணிக்கட்டைப் பிடித்து, தன் கடிகாரத்தைப் பார்த்தார். "துடிக்கிறது. மிக நன்றாகத் துடிக்கிறது" என்றார். கையை விடாமலேயே ஒரு ரிக்‌ஷாவைக் கூப்பிட்டார். ஆஸ்பத்திரி வரை அந்தக் கையை அவர் விடவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்து வீட்டு அக்கா எதிரே ஓடிவந்தாள். "உனக்குத் தம்பிடா! கோயில் மணி அடிச்ச நேரத்துக்குத்தான் பொறந்துகீறான்."

நான் கண்ணைத் திறந்துகொண்டிருந்தபோதே வந்துவிட்டான்.

உள்ளே அம்மா சோர்ந்து கிடந்தாள். பக்கத்தில் துணிச்சுருளாக அவன். அம்மா என்னைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "மேடையில செத்தியாடா?"

"இல்லமா."

"சாவலியா?"

"மாட்டேன்னுட்டேன்."

"என் ராசா" என்று என் முகத்தைத் தடவிவிட்டுத் தூங்கிப்போனாள். அந்த நாடகத்தில் எனக்குக் கிடைத்த பாராட்டு அது.

அந்த வாரம் முழுக்கச் சாவதற்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அடுத்த வாரமும் வரவில்லை. இழுப்புகூட வரவில்லை. மழை பெய்து, ஏரி நிரம்பி, நீங்களெல்லாம் கெண்டை பிடித்துக்கொண்டிருந்தீர்கள். தம்பிக்குத்தான் மூச்சு இரைந்தது. பால் குடிக்கவே திணறினான். மதர் குழாயை அவன் நெஞ்சில் வைத்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

ஞானஸ்நானம் முடிந்து வந்த அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு டவுசரை இறக்கச் சொன்னாள். என் அரைஞாண் கயிற்றை அறுத்து, பதக்கம், தாயத்து, தகடு, நரிப்பல், மணி எல்லாவற்றையும் உருவினாள். புதுக் கயிற்றில் கோத்துத் தம்பியின் இடுப்பில் கட்டினாள். அவனுடைய உடம்புக்கு அது பெரிய சுமை. மூச்சு விடும்போதெல்லாம் மணி அசைந்தது.

"நீ தேறிட்டடா. இனிமே இவனுக்குத்தான் வேணும்" என்றாள்.

அவளைக் குறை சொல்ல எனக்கு ஒன்றுமில்லை. அவள் கணக்கு சரியாகவே வந்தது. தம்பி பிழைத்தான், படித்தான், அலுவலகத்தில் உட்கார்ந்து வேலை பார்த்தான், இப்போது குரோம்பேட்டையில் சொந்த வீட்டில் இருக்கிறான். நான் ஏழாம் வகுப்போடு நின்றுவிட்டேன். லாரியில் கிளீனராக நாகபுரி வரை போனேன், சூரத்தில் சாயப்பட்டறையில் இருந்தேன், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் கழுவினேன். ஓரிடத்தில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி இருந்தது குறைவு. அம்மா போன சேதி எனக்கு எட்டியபோது காரியமெல்லாம் முடிந்திருந்தது. கிரீடம் எங்கே போனதென்று தெரியவில்லை. மதரை அவர் ஊருக்கே திருப்பி அழைத்துக்கொண்டார்களாம், படத்தையும் எடுத்துப்போயிருப்பார்.

ஊர் ஊராக ஏன் சுற்றுகிறாய் என்று கேட்பவர்களிடம் ஏதோ ஒன்றைச் சொல்லி வைப்பேன். நீங்கள் என்பதால் நான் முதல்முதலாகக் கிளம்பிய அந்த நாளைச் சொல்கிறேன். கயிற்றை அறுத்த அன்றைக்கு மத்தியானம் நடந்து பார்த்தேன். உடம்பில் ஏதோ குறைந்ததுபோல இருந்தது. குதித்தேன். சத்தமில்லை. வாசற்படியில் ஒரு காலை வெளியே வைத்து, பழக்கத்தில் நின்றேன். "இன்னாடா பண்ற?" என்று குரல் வர வேண்டும். உள்ளே மணி ஒலித்தது. அம்மா ஓடுவது கேட்டது, தொட்டில் பக்கமாக.

கதவு திறந்திருந்தது. இன்னொரு காலையும் எடுத்து வெளியே வைத்தேன். தெருமுனை வந்தது, ரயில் பாதை வந்தது, ஸ்டேஷன் வந்தது. கடற்கரை வரை போகும் ரயில் நின்றுகொண்டிருந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். சானட்டோரியம் தாண்டியது, குரோம்பேட்டை தாண்டியது. ஒவ்வொரு ஸ்டேஷனிலும் காதைக் கொடுத்துக் கேட்டேன். யாரும் கூப்பிடவில்லை.